முற்றுப்பெறாத இசைவு: அந்தப் பாட்டு யாருடையது?

3 மார்ச் 2024 (வாசகர் கேள்வி)

மாசிவ் அட்டாக் குழுவின் 'அன்ஃபினிஷ்ட் சிம்பதி' பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். எங்கே தேடினாலும் குழுவின் பெயர்தான் முன்னால் வருகிறது. பாடிய ஷாரா நெல்சனை 'விருந்தினர் குரல்' என்று ஓர் ஓரத்தில் போடுகிறார்கள். ஐந்து நிமிடப் பாட்டு முடிந்த பிறகு காதில் நிற்பது அவர் குரல். வீடியோ முழுக்க நடப்பதும் அவர்தான். அப்புறம் அவர் எப்படி விருந்தினர்? வீடு யாருடையது?

3 மார்ச், இரவு

வீடு குழுவுடையது. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

பிரிஸ்டல் நகரத்தில் 1980களில் வைல்ட் பஞ்ச் என்று ஒரு கூட்டம் இருந்தது. பெரிய பெரிய ஸ்பீக்கர்களை அடுக்கி, இரவு விருந்துகளில் இசைத்தட்டுச் சுழற்றுவார்கள். கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த வழக்கம் அது. நம் ஊர் மைக்செட்காரர் பாட்டும் எழுதத் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்திலிருந்து வந்த மூன்று பேர் ராபர்ட் டெல் நாஜா, கிராண்ட் மார்ஷல், ஆண்ட்ரூ வோல்ஸ். இந்தப் பாட்டு வந்த காலத்தில் மாசிவ் அட்டாக் என்றால் இவர்கள்தான். மூவரில் ஒருவர்கூட முறையான பாடகர் இல்லை. ராப் சொல்வார்கள், தட்டுச் சுழற்றுவார்கள், பழைய இசைத்தட்டுகளிலிருந்து துணுக்குகளை எடுத்து ஒட்டுவார்கள். குரல் தேவைப்பட்டால் வெளியிலிருந்து ஆள் அழைப்பார்கள். 1991இல் வந்த 'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்திலேயே ஷாரா நெல்சன் தவிர, ஜமைக்காவின் ஹோரஸ் ஆண்டியும் டோனி பிரையனும் பாடியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு ட்ரேசி தார்ன், நிக்கோலெட், எலிசபெத் ஃப்ரேசர், சினேட் ஓ'கானர் என்று வரிசை நீள்கிறது. பாடகர் மாறிக்கொண்டே இருக்கிறார், குழுவின் வாசனை மாறுவதில்லை.

சமைத்தவர் வீட்டுக்காரர், சாப்பிட வந்தவர் விருந்தாளி. அவ்வளவுதான்.

4 மார்ச்

சமையல் உவமையைத் திரும்பப் பெறுகிறேன். காலையில் பல் துலக்கும்போதே உறுத்தியது.

அந்தப் பாட்டை எழுதியவர்கள் என்று ஐந்து பெயர்கள் இருக்கின்றன. குழுவின் மூவர், தயாரிப்பில் உடனிருந்த ஜானி டாலர் (உண்மைப் பெயர் ஜோனதன் ஷார்ப், 2009இல் காலமானார்), ஐந்தாவது ஷாரா நெல்சன். அதாவது எழுதிக் கொடுத்ததைப் பாடிவிட்டுக் கூலி வாங்கிக்கொண்டு போனவர் அல்லர் அவர். பிரிஸ்டலில் ஒரு ஸ்டூடியோவில் எல்லாரும் சும்மா வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பாடிய மெட்டைப் பிடித்துக்கொண்டுதான் பாட்டே வளர்ந்தது. ட்ரம்ஸ், துணுக்குகள், பியானோ எல்லாம் அதைச் சுற்றி வந்து உட்கார்ந்தவை. வயலின்கள் கடைசியில் வந்தன.

ஆகவே விருந்தாளி அரிசி, பருப்பு, அடுப்பு எல்லாம் கொண்டுவந்திருக்கிறார். வீடு மட்டும் இவர்களுடையது.

நேற்று இரவு அத்தனை உறுதியாக எழுதியிருக்க வேண்டியதில்லை.

4 மார்ச், மாலை

"இதெல்லாம் நடன இசையா? இதற்கு யார் ஆடுவார்கள்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நானும் ஆடியதில்லை. ஆனால் அந்தப் பாட்டு மட்டும் தனி இசைத்தட்டாக வந்தபோது, நடனக் கூடங்களில் தட்டுச் சுழற்றும் பால் ஓக்கன்ஃபோல்டு செய்த மாற்று வடிவமும், வைல்ட் பஞ்ச் பழைய கூட்டாளி நெல்லி ஹூப்பர் செய்த மாற்று வடிவமும் கூடவே வந்தன. நடனக் கூடத்தை நினைத்துத்தான் அதையெல்லாம் செய்தார்கள். மூல வடிவம் ஆடிக் களைத்தவர்கள் வீட்டுக்குப் போகும் வழியில் கேட்பதற்கு.

6 மார்ச்

பெயரைப் பற்றி விட்டுப்போன ஒன்று. இந்தப் பாட்டு முதலில் வெளிவந்த இசைத்தட்டின் உறையில் 'மாசிவ் அட்டாக்' என்றே இல்லை, 'மாசிவ்' மட்டும்தான். 1991 பிப்ரவரி, வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். 'தாக்குதல்' என்று பொருள்படும் சொல்லை வானொலி ஒலிபரப்பாது என்ற பயத்தில் வாலை வெட்டிவிட்டார்கள். ஏப்ரலில் ஆல்பம் வந்தபோது போர் முடிந்திருந்தது, வாலும் திரும்ப முளைத்திருந்தது.

வீட்டுக்காரர் யார் என்று சண்டை போடுகிறோம். அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்கே வாசலில் முழுப் பெயர்ப்பலகை இல்லை.

வால் வெட்டிய பாட்டு பிரிட்டனில் 13ஆம் இடம் வரை போனது. நெதர்லாந்தில் முதலிடம். டச்சுக்காரர்களுக்கு என் வணக்கம்.

9 மார்ச்

வயலின்களைப் பற்றி எழுத வேண்டும் என்று நான்கு நாட்களாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கீபோர்டில் வாசித்த வயலின் ஒலிதான் இருந்தது. கேட்டுப் பார்த்தவர்களுக்குப் பொருந்தவில்லை. உண்மையான இசைக்குழுவே வேண்டும் என்று முடிவு செய்து வில் மலோனை அழைத்தார்கள். 1970களில் பிளாக் சபாத் போன்ற முரட்டு ராக் குழுவுக்கு நரம்பிசை அமைத்துக் கொடுத்தவர் அவர். லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் பதிவு. அதற்கான பணம் கணக்கில் இல்லை. குழுவினர் தங்கள் காரை, ஒரு மிட்சுபிஷி ஷோகனை, விற்றுக் கட்டியிருக்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கச்சேரி நடத்திய சபாக்காரர்களைப் பற்றி நம் பக்கத்தில் கேட்டிருக்கிறேன், கார் விற்றவர்களைப் பற்றி அப்போதுதான் படித்தேன்.

அந்தக் கார்ப் பணம் வீண் போகவில்லை. ஒருமுறை நல்ல ஹெட்போனில் கேளுங்கள். தொடக்கத்தில் மணி போல ஒரு சிறு தட்டல் சுற்றிக்கொண்டே இருக்கும். அதன் மேல் வயலின்கள் எழும்போது ஏதோ பெரிதாக நடக்கப்போகிறது என்று தோன்றும். ஆனால் அவை குரலுக்குப் பதில் சொல்வதே இல்லை. குரல் கெஞ்சுகிறது, வயலின்கள் தம் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கின்றன. திரை இசையில் வயலின்கள் பாடகரின் கையைப் பிடித்துக்கொண்டே நடக்கும், அவர் அழுதால் அழும். இங்கே அவை வானிலை மாதிரி. மழை நமக்காகப் பெய்வதில்லை, நாம் நனைகிறோம்.

இன்னொன்று. எத்தனை முறை தேடியும் எனக்கு அதில் அடியில் தாழ்ந்த ஒலியில் ஓடும் பாஸ் கிட்டார் வரி என்று தனியாக ஒன்று அகப்படவில்லை. ஜமைக்காவின் ரெகே இசையில் ஊறிய பிரிஸ்டல்காரர்கள் செய்த பாட்டில், அதுவும் நெஞ்சுக்கூடு அதிர வாசித்துப் பழகியவர்கள் செய்த பாட்டில், அடித்தளம் காலி. குரல் அந்தரத்தில் நிற்பது போல இருப்பதற்கு அது ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

9 மார்ச், நள்ளிரவு

'வானிலை மாதிரி' என்று எழுதியதைப் படித்தேன். கொஞ்சம் கவிதையாகிவிட்டது. மன்னியுங்கள், இருக்கட்டும்.

10 மார்ச்

ஸ்டூடியோ என்றதும் எல்லாரும் அபே ரோடைப் பிடித்துக்கொண்டீர்கள். அந்த ஆல்பத்தின் பெரும்பகுதி பாடகி நேனே செர்ரியின் வீட்டில், குழந்தையின் அறையில் பதிவானது. பல மாதங்கள் அறையில் ஏதோ நாற்றம். கடைசியில் பார்த்தால் வெப்பமூட்டிக்குப் பின்னால் பழைய அணையாடை ஒன்று கிடந்திருக்கிறது. கிராண்ட் மார்ஷல் பிற்காலத்தில் சொன்ன கதை. யார் வீடு என்று கேட்டவருக்கு இதையே பதிலாகச் சொல்லலாம்: நேனே செர்ரியின் வீடு.

14 மார்ச்

தலைப்பைத் தமிழாக்கச் சொல்லி ஒரு சவால். இசையமைப்பாளர் ஷூபர்ட் 1822இல் இரண்டு பகுதிகளை முடித்து அப்படியே விட்டுவிட்ட சிம்பனிக்கு 'முற்றுப்பெறாத சிம்பனி' என்று பெயர் நிலைத்துவிட்டது. அதில் சிம்பனியைச் சிம்பதியாக மாற்றிய வேடிக்கைதான் இந்தத் தலைப்பு. குழுவினரே விளையாட்டாகத் தொடங்கிப் பிறகு பொருந்திவிட்டது என்று வைத்துக்கொண்டது. 'முற்றுப்பெறாத பரிவு' என்றால் பொருள் வரும், சிரிப்பு வராது. என் பரிந்துரை: ஷூபர்ட்டுடையது முற்றுப்பெறாத இசை, இது முற்றுப்பெறாத இசைவு. ஓர் எழுத்துதான் கூடுதல். பாட்டின் பெண் கேட்பதும் அதைத்தான், மற்றவர் பாதி இசைந்து பாதியில் நிற்கிறார்.

இந்த இழையின் தலைப்பையும் அப்படியே மாற்றிவிட்டேன்.

15 மார்ச்

இப்போது துணுக்குகள். இதில்தான் நமக்கு ஒரு சொந்தம் வருகிறது.

பாட்டில் அவ்வப்போது "ஹே ஹே ஹே" என்று ஓர் ஆண் குரல் கூவும். அது 1976இல் வந்த மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் 'பிளானட்டரி சிட்டிசன்' பாட்டிலிருந்து வெட்டி எடுத்தது. சுற்றிக்கொண்டே இருக்கும் அந்தத் தட்டல், டிராம்போன் மேதை ஜே. ஜே. ஜான்சன் ஒரு படத்துக்காக அமைத்த 'பரேட் ஸ்ட்ரட்'டிலிருந்து. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் நடத்திய குழு. அதே 1976இல் அவருடைய இன்னொரு குழுவின் முதல் ஆல்பமும் வந்தது. அதுதான் ஷக்தி. அதில் வயலின் எல். சங்கர், கடம் டி. எச். விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாடு ராகவன், தபலா ஜாகிர் உசேன். சென்ற மாதம் ஷக்தி கிராமி வாங்கியபோது மேடையேறிய செல்வகணேஷ், விநாயக்ராமின் மகன். ஒரு கையில் மின்சாரக் கிட்டார், மறுகையில் கடம், மிருதங்கம். இடையில் கூவிய ஒரு 'ஹே' பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பிரிஸ்டலில் போய் ஒட்டிக்கொண்டது.

'ப்ளூ லைன்ஸ்' ஆல்பத்தில் மகாவிஷ்ணுவின் பாட்டு மொத்தம் மூன்று இடத்தில் இருக்கிறது. 'ஒன் லவ்' பாட்டில் 'யூ நோ யூ நோ', 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' பாட்டில் 'ஸ்ட்ரேட்டஸ்', இதில் 'பிளானட்டரி சிட்டிசன்'.

16 மார்ச்

திருத்தம். 'ஸ்ட்ரேட்டஸ்' மகாவிஷ்ணுவின் பாட்டு இல்லை. அந்தக் குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் பில்லி காபம் 1973இல் தனியாக வெளியிட்ட ஆல்பத்தில் உள்ளது. சுட்டிக்காட்டியவருக்கு நன்றி, தொனிக்கு இல்லை.

16 மார்ச், மாலை

"துணுக்கு எடுத்தவர்கள் அனுமதி வாங்கினார்களா?" நல்ல கேள்வி. 'பிளானட்டரி சிட்டிசன்' பாட்டை எழுதியவர் அந்தக் குழுவின் பாஸ் கிட்டார் கலைஞர் ரால்ஃப் ஆம்ஸ்ட்ராங். அவர் வழக்குப் போட்டு, நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமாகிப் பணம் பெற்றார். எழுதியவர்கள் ஐந்து பேர் என்று சொன்னேன் அல்லவா, வாசலில் ஆறாவது ஆள் நின்றிருக்கிறார். பாஸ் இல்லாத பாட்டுக்கு ஒரு பாஸ் கலைஞர் உரிமை கேட்டு வந்தது தனி வேடிக்கை.

22 மார்ச்

வீடியோ. இயக்கியவர் பேலி வால்ஷ். வெட்டே இல்லாத ஒரே காட்சி. ஷாரா நெல்சன் ஒரு தெருவில் நடந்துகொண்டே பாடுகிறார், கேமரா அவருக்கு முன்னால் பின்னோக்கி நகர்கிறது. ஆயிரம் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்று மட்டும் சொல்கிறேன். பல ஆண்டுகளாக அந்தத் தெரு இங்கிலாந்து என்றே நினைத்திருந்தேன். பிரிஸ்டல் குழு, பிரிஸ்டல் தெருவாகத்தானே இருக்க வேண்டும்? உண்மையில் லாஸ் ஏஞ்சல்ஸ், மேற்கு பிகோ பூல்வார்டு. வெயிலைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டும். பிப்ரவரியில் வெளிவந்த பிரிட்டன் பாட்டில் அவ்வளவு வெயிலா?

அவர் யாரையும் பார்ப்பதில்லை. நாயோடு நிற்கும் மோட்டார் சைக்கிள் கூட்டம், சக்கரப் பலகையில் தள்ளிக்கொண்டு வரும் கால் இல்லாத மனிதர், எல்லாரும் கடந்து போகிறார்கள். நடுவில் குழுவின் மூவரும் அவருக்குப் பின்னால், தெருவில் போகும் யாரோ போல நடந்து வருவார்கள். தெரியாதவர் பார்த்தால் யார் விருந்தினர் என்று நினைப்பார்? அந்த மூன்று பேரைத்தான்.

அன்று கேள்வி கேட்டவரே, இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு மதிப்பெண்.

23 மார்ச்

கேட்டவர்களுக்கு: ஆம், தி வெர்வ் குழுவின் 'பிட்டர்ஸ்வீட் சிம்பனி' வீடியோ இதன் சாயல்தான். 1997, லண்டன் ஹாக்ஸ்டன் தெரு, அங்கே பாடகர் எல்லாரையும் இடித்துக்கொண்டு போவார். ஷாரா யாரையும் இடிக்கவில்லை, இடம் விட்டதும் இல்லை. வெர்வ் ஆல்பத்துக்கு நரம்பிசை அமைத்தவரும் அதே வில் மலோன். அந்தப் பாட்டும் துணுக்குச் சண்டையில் மாட்டி, உரிமை முழுக்க ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இருவர் பெயருக்குப் போய், 2019இல்தான் எழுதியவரிடம் திரும்பியது. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே வேண்டாம்.

6 ஏப்ரல்

இரண்டு வாரம் எழுதவில்லை. "முதல் நாள் ஏன் அவ்வளவு வேகமாகக் குழுவின் பக்கம் சாய்ந்தீர்கள்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சாதாரணமாகக் கேட்டதுதான், எனக்குத்தான் தைத்தது.

1990களில் நான் ஓர் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். கல்யாண வரவேற்பு, கோயில் திருவிழா, ஆடி மாதம் முழுக்க அம்மன் கோயில்கள். எங்கள் குழுவில் ஓர் அக்கா பாடுவார். ஒரு நிகழ்ச்சியில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் எடுப்பதற்குள் கூட்டம் சலசலத்தது. இருட்டில் மைக் இல்லாமல் அவர் ஒரு ஹம்மிங் எடுத்தார். நான்கு சுரம், ஐந்தாவதில் ஒரு சறுக்கல், அவ்வளவுதான். கூட்டம் அடங்கியது. விளக்கு வந்ததும் நான் அதையே கீபோர்டில் புல்லாங்குழல் ஒலியில் வாசித்து அடுத்த பாட்டுக்குள் போனேன். அன்றிலிருந்து எல்லா நிகழ்ச்சியையும் அந்தச் சுரங்களோடுதான் தொடங்கினோம். நடத்துபவர் என்னை மேடையில் கூப்பிட்டு, "இந்தத் தொடக்க இசை நம் கீபோர்டு தம்பி போட்டது" என்று அறிவிப்பார். நான் எழுந்து கும்பிடுவேன். அக்கா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஒருநாள்கூட "அது அக்காவுடையது" என்று நான் சொன்னதில்லை. எனக்கு ஒரு நிகழ்ச்சிக்குக் கிடைத்தது அவருக்குக் கிடைத்ததைவிட ஐம்பது ரூபாய் கூட.

'வீடு குழுவுடையது' என்று 3ஆம் தேதி எழுதிய கை அந்தக் கைதான்.

7 ஏப்ரல்

ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் "அந்தக் காலத்தில் எல்லாரும் அப்படித்தான்" என்பதை ஏற்க முடியவில்லை. மாசிவ் அட்டாக்காவது ஐந்தில் ஒரு பெயராக ஷாராவைப் போட்டார்கள். அவர் பிறகு தனியாகப் போய் 1993இல் 'வாட் சைலன்ஸ் நோஸ்' என்ற ஆல்பம் கொடுத்தார், அது பிரிட்டனின் மெர்குரி இசைப் பரிசுப் பட்டியலிலும் இடம்பிடித்தது. எங்கள் குழுவில் பெயர் போடுவதற்குத் தாளே கிடையாது, ஒரு மைக்தான் இருந்தது. அது என் பெயரைச் சொன்னது.

8 ஏப்ரல்

பின்னணிப் பாடகர்களை இதில் இழுக்காதீர்கள். நம் ஊரில் பாடியவர் பெயர் தெரியாமல் யாரும் பாட்டுக் கேட்பதில்லை. பாட்டுக்குள் அவர்கள் தாமாகச் சேர்த்த சங்கதி யாருடையது என்று கேட்டால் மட்டும் பேச்சு மாறும். அது வேறு சண்டை. இல்லை, அதே சண்டைதான். யோசிக்க வேண்டும். பிறகு வருகிறேன்.

28 ஏப்ரல்

யோசிக்கவில்லை, தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டேன். எண் கிடைக்கப் பதினைந்து நாட்கள் ஆயின. அக்கா இப்போது மகள் வீட்டில் இருக்கிறார். குரலைக் கேட்டதும் "கீபோர்டு தம்பியா?" என்றார். முதலில் ஷாராவின் பாட்டை அனுப்பினேன். மறுநாள் கூப்பிட்டார். மொழி புரியவில்லை, ஆனால் மூன்று முறை கேட்டிருக்கிறார்.

"அந்தப் பொண்ணு எங்கே மூச்சு எடுக்கிறாள் என்று கவனித்தாயா தம்பி? வரி முடிந்த இடத்தில் எடுக்கவில்லை. அடுத்த வரி தொடங்க வேண்டிய இடத்தில் எடுக்கிறாள். அதனால்தான் ஒவ்வொரு வரியும் தாமதமாக வந்து சேர்வது போல இருக்கிறது. ஆர்மோனியம் பிடித்து யாரும் அதைச் சொல்லிக்கொடுக்க முடியாது."

முப்பது ஆண்டுகளாகக் கேட்கிறேன், எனக்கு அது தெரியாது. இப்போது அதைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

பிறகு அந்த ஹம்மிங் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பேச்சு. அக்கா சிரித்துவிட்டார். "எந்த ஹம்மிங்? அந்த இருட்டில் எடுத்ததா? ஐயோ, அது என்னுடையது இல்லை தம்பி. தபலா அண்ணன் இருக்கிறாரே, அவர் டெம்போ வண்டியில் வரும்போதெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வருவார், அதுதான். அந்தச் சறுக்கல் மட்டும் நான் போட்டது. அன்றைக்குத் தொண்டை கட்டியிருந்தது, ஐந்தாவது சுரம் பிடிபடவில்லை."

தபலா அண்ணனின் எண்ணைக் கேட்டேன். அவரிடமும் இல்லையாம். திருச்சிப் பக்கம் விசாரிக்கச் சொன்னார்.